உடவத்தகலேக் காட்டிலிருந்து கிளம்பிய தியானம்

கண்டி தலதா மாளிகைக்குப் பின்னால் மேடேறினால் உடவத்தகலே காடு. அங்குள்ள வன ஆசிரமத்தில்தான் 1994இல் மறையும்வரை ஞானபோனிக தேரர் வாழ்ந்தார். 1901இல் ஜெர்மனியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, 1936இல் இலங்கை வந்து துறவு பூண்டவர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷார் அவரை டேராதூன் முகாமில் அடைத்து வைத்தனர். போருக்குப் பின் பர்மாவில் மகாசி சயாதோ என்ற துறவியிடம் தியானம் பயின்றார். பௌத்த தியானத்தின் இதயம் எது என்று விளக்கும் அவருடைய ஆங்கில நூல் 1954இல் வெளிவந்தது.

நடப்பதை நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் முதலில் கவனிக்க வேண்டும் என்பதே அந்த நூலின் சாரம். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் கபாட்-சின் நாள்பட்ட வலியால் அவதிப்படுவோருக்குத் தியானப் பயிற்சியைத் தொடங்கினார். அவர் தம் எழுத்துகளில் ஞானபோனிகரைச் சுட்டுகிறார். இன்று உலகெங்கும் அலுவலகங்களில் நடக்கும் 'மைண்ட்ஃபுல்னஸ்' என்னும் கவனத் தியான வகுப்புகளின் வேர்களில் ஒன்று நம் கண்டியில் இருக்கிறது. இங்கே வேலைக்கு ஓடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

ஞானபோனிகர் பயின்ற அந்த மகாசி முறைப் பயிற்சி மிக எளிது. நிமிர்ந்து உட்காருங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு எழும், விடும்போது தாழும். அதைக் கவனியுங்கள். மூச்சைக் கட்டுப்படுத்த வேண்டாம். சற்று நேரத்தில் மனம் மாத இறுதிக் கணக்குக்கோ, காலையில் மேலதிகாரி சொன்ன சொல்லுக்கோ போய்விடும். போனது தெரிந்ததும் 'நினைக்கிறேன்' என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு வயிற்றுக்குத் திரும்புங்கள். பலர் இந்த இடத்தில்தான் 'எனக்குத் தியானம் வராது' என்று எழுந்துவிடுகிறார்கள். உண்மையில் மனம் போனதைக் கண்டுகொள்வதே பயிற்சி. ஒரே இருப்பில் நூறு முறை திரும்ப நேர்ந்தால் நூறு முறை பயின்றதாகவே அர்த்தம். கணினியைத் திறக்கும் முன் ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும். பேராதனை வீதி நெரிசலில் பஸ் நிற்கும்போதும் செய்யலாம். வாகனம் ஓட்டுகிறவர்கள் மட்டும் கண்ணை மூடிவிடக் கூடாது.

மனம் அலைவது யாருடைய குறையும் அல்ல. கையில் வேலை இல்லாதபோது மூளையின் ஒரு வலையமைப்பு தானாகவே பழையதையும் வரப்போவதையும் அசைபோடத் தொடங்குகிறது. 2010இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2,250 பேரை அவ்வப்போது கைத்தொலைபேசியில் விசாரித்தார்கள். ஏறத்தாழ 47 வீதத் தருணங்களில் செய்யும் வேலையில் அவர்கள் மனம் இருக்கவில்லை. அப்படி அலைந்த வேளைகளில் மகிழ்ச்சியும் குறைந்தே இருந்தது.

தியானத்தின் பலனை மிகைப்படுத்தவும் கூடாது. 2014இல் 47 மருத்துவச் சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வு, பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் மிதமான பயனே கண்டது. உடற்பயிற்சியையோ மருந்தையோ விட இது மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆகவே மாத்திரை எடுக்கிறவர்கள் தியானத்தை நம்பி மருந்தை நிறுத்திவிட வேண்டாம். கண்ணை மூடியதும் பழைய கொடுமைகள் திரும்பி வந்து வாட்டினால் பயிற்சியை விட்டுவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். 1926 என்ற எண்ணில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவிச்சேவையையும் அழைக்கலாம்.