புல்லால் ஒரு தோட்டம்

புல் என்றால் களை, பிடுங்கி எறிய வேண்டியது. பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நெல் புல் இனம். கரும்பும் மூங்கிலும்கூடப் புல் இனம்தான். வீட்டைச் சுற்றி அழகுக்காக நடக்கூடிய புற்களும் உண்டு. பூச்செடிக்கு அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டும். வேர் பிடித்த புல்லுக்கு அவ்வளவு வேண்டாம்.

எந்தப் புல்லை நடுவது? இதில்தான் கவனம் வேண்டும். சில புற்கள் நட்ட இடத்திலேயே தூர் கட்டி நிற்கும். சில புற்கள் மண்ணுக்குள் ஓடிப் பரவும். அவற்றின் விதையும் காற்றில் பறக்கும்.

வங்காளத்தில் 'காஷ்' என்று ஒரு புல் உண்டு. தமிழில் நாணல் என்பார்கள். மழைக்காலம் முடியும்போது வெள்ளை வெளேரென்று பூக்கும். அது பூத்தால் துர்கா பூஜை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அவ்வளவு அழகு!

அதே புல் மத்திய இந்தியாவில் உழவர்களை அழ வைத்தது. வயலுக்குள் புகுந்து, மண்ணுக்குள் ஆழமாக ஓடியது. மாட்டு ஏரால் அதை அறுக்க முடியவில்லை. நல்ல நிலம் தரிசானது. 1949இல் இந்திய அரசு உலக வங்கியிடம் 1 கோடி டாலர் கடன் வாங்கியது. எதற்கு? டிராக்டர் வாங்கி அந்தப் புல்லை ஒழிப்பதற்கு! ஆற்றங்கரையில் பூத்தால் பார்த்து மகிழலாம். வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாது.

தூர் கட்டும் புல்லில் முதலிடம் வெட்டிவேருக்குத்தான். கர்நாடகத்தில் குண்டல்பேட்டைப் பக்கம் உழவர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாக வரப்பில் நடுகிறார்கள். இதன் வேர் பக்கவாட்டில் ஓடாது. நேராகக் கீழே இறங்கும். 10 அடி ஆழம்கூடப் போகும். நெருக்கி நட்டால் வேலி போல நிற்கும். தண்ணீரை மெல்ல வடிய விடும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஒரு புல்லை ஒழிக்கக் கடன் கொடுத்த உலக வங்கி, 1980களில் இந்தப் புல்லை நடச் சொன்னது.

மேட்டில் இருக்கும் வீடுகளில் ஒவ்வொரு மழைக்கும் முற்றத்து மண் கரையும். கொஞ்சம் கொஞ்சமாக அஸ்திவாரம் வெளியே தெரியும். அங்கே சரிவுக்குக் குறுக்கே வெட்டிவேரை வரிசையாக நட வேண்டும். மேலிருந்து கீழாக நட்டால் பயன் இல்லை. மழை தொடங்கியதும் பழைய தூரைப் பிரிக்க வேண்டும். தாளை ஒரு சாண் விட்டு வெட்ட வேண்டும். பிறகு அரை அடிக்கு ஒன்றாக நட வேண்டும். நட்டதில் ஏதாவது பட்டுப்போனால் உடனே வேறு நட வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சந்து வழியே தண்ணீர் பாய்ந்து மண்ணை அரித்துவிடும். வேலி அடர 2, 3 வருடம் ஆகும்.

வேர் மணக்கிறதே என்று அந்த வரிசையைத் தோண்டக்கூடாது. தோண்டினால் கரை சரிந்துவிடும். பானைத் தண்ணீரில் போட வேர் வேண்டுமா? சாக்கில் மண் நிரப்பி, நாலு தூர் தனியாக வளர்க்கலாம்.

வெட்டிவேர் ஆள் உயரம் வளரும். அது பின்னால் இருக்கட்டும். அதற்கு முன்னால் எலுமிச்சைப்புல் நடலாம். 2 அடிக்கு ஒரு தூர் போதும். ஒற்றை ஒற்றையாக அங்கங்கே நட்டால் களை முளைத்த மாதிரிதான் தெரியும். ஒரே வகையை மூன்றாக, ஐந்தாகச் சேர்த்து நட்டால்தான் தோட்டமாகத் தெரியும். நட்ட மூன்று மாதத்தில் தாளை அறுத்து டீயில் போடலாம். இந்தச் செடி இருந்தால் கொசு வராது என்பார்கள். செடி சும்மா நிற்பதால் மட்டும் கொசு ஓடிவிடாது.

மலைப்பகுதி என்றால் துடைப்பப்புல்லும் நடலாம். மேகாலயத்தில் இதைத் தோட்டமாகவே பயிர் செய்கிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பூங்கதிரை அறுத்துத் துடைப்பம் கட்ட விற்கிறார்கள்.

வெட்டிவேருக்கும் எலுமிச்சைப்புல்லுக்கும் நல்ல வெயில் வேண்டும். மர நிழல் ஆகாது. தூர் அடர்ந்தால் பூச்சி பொட்டு தங்கும். அதனால் வாசலை ஒட்டி நடாமல் நாலு முழம் தள்ளி நட வேண்டும். வெட்டிவேர்த் தாளை வருடத்துக்கு இரண்டு தடவை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். வெட்டிய தாளை எரிக்க வேண்டாம். செடிகளின் அடியில் பரப்பினால் ஈரம் காயாது.