ஓதுகவியும் ஹிப் ஹொப் இசையும்

கவிதை கண்ணாற் படித்தற்குரியதா, செவியாற் கேட்டற்குரியதா என்னும் வினாவை அண்மைக்காலத்தில் மீண்டும் எழுப்பிய ஆக்கங்களுள் ஒன்று, இலண்டன் கவிஞர் கே ரெம்பெஸ்ற் 2016ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வெளியிட்ட 'லெட் தெம் ஈட் கேயொஸ்' என்னும் இசைத்தொகுப்பாகும். டான் கேரி இதற்கு இசையமைத்தார்.

ஹிப் ஹொப் 1970களில் நியூ யோர்க்கின் பிரொங்ஸ் பகுதியிலே தோன்றியது. தாளத்தை விடாது பற்றி, எதுகையும் இயைபும் படச் சொற்களை விரைந்தடுக்குதல் அதன் இயல்பு. ஓதுகவியோ பேச்சின் ஏற்றவிறக்கத்தையே துணையாகக் கொண்டு மேடையிற் சொல்லப்படுவது. இவ்விரண்டும் இத்தொகுப்பில் எவ்வாறு இணைந்தன என்பதை நோக்குவாம்.

நேரம் விடியற்காலை 4.18. இலண்டன் வீதியொன்றில் எழுவர் உறக்கமின்றி இருக்கின்றனர். இரவுப் பணி முடித்து மீண்ட பராமரிப்புத் தொழிலாளி எஸ்தர், குடியிருந்த வீட்டைவிட்டுப் பெயரும் சோயி, நல்லூதியம் பெற்றும் உள்ளம் வெறுமையான பிராட்லி முதலியோர் அவர்கள். ஒவ்வொருவரையும் கவிஞர் முதலிற் பேச்சாக அறிமுகஞ் செய்கிறார். பின்னர் தாளம் எழ, அவரவர் உள்ளமே பேசத் தொடங்குகிறது. கவிக்கூற்று ஓதுகவியாகவும், பாத்திரக் கூற்று ஹிப் ஹொப்பாகவும் பெரும்பாலும் அமைகின்றன. எனவே இக்கலப்பு வெறும் புதுமை வேட்கையன்று. கதையமைப்பு வேண்டிய ஒன்றாகும். இறுதியிற் புயல் வெடிக்க, எழுவரும் வீதியில் இறங்கி நனைகின்றனர். அதுவரை அறியாத அயலவர் அப்பொழுதே ஒருவரையொருவர் காண்கின்றனர்.

வரவேற்பும் இருவகைப்பட்டது. பி.பி.சி. தொலைக்காட்சி இதனை நேரடியாக ஒளிபரப்பியது. நூல்வடிவம் 2016ஆம் ஆண்டுக் கொஸ்ரா கவிதைப் பரிசுக்கும், இசைவடிவம் 2017ஆம் ஆண்டு மேர்க்குரி இசைப் பரிசுக்கும் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றன; இரண்டும் கிட்டவில்லை. எதிர்ப்பும் எழுந்தது. 2018இல் 'பி.என். ரிவ்யூ' இதழில் ரெபெக்கா வாட்ஸ், ரெம்பெஸ்ற் உள்ளிட்ட சிலரைச் சுட்டி, நேர்மையும் எளிமையும் போற்றப்படுமிடத்துக் கவித்தொழிலின் நுட்பம் கைவிடப்படுகின்றதெனச் சாடினார்.

இக்கண்டனம் முற்றாக ஒதுக்கத்தக்கதன்று. முடிவுப் பகுதியில் அறிவுரை, கவிதையை விஞ்சி நிற்பது உண்மையே. ஆயினும், உரத்துப் படித்தற்கென ஆக்கப்பட்ட ஒன்றை மௌனமாகப் படித்துக் குறைகாண்டல் முறையாகாது. தாளில் தளர்ந்து தோன்றும் அடி, மூச்சின் இடைவெளியாற் செவியில் நிறைவு பெறுதல் கூடும். இயலென்றும் இசையென்றும் வகுத்துக் கற்கும் மாணவர், முதலிற் கேட்டுப் பின்னர் படித்துத் தாமே தீர்ப்பளிப்பாராக.