நீரிழிவும் ஒட்சியேற்றத் தகைப்பும்

எம்மவர் வீடுகளில் நீரிழிவு பற்றிப் பேச்செழுந்தால் இரண்டு விளக்கங்கள் தவறாமல் வரும். ஒன்று, 'யோசினையாலை வந்தது'. மற்றது, 'பரம்பரை வருத்தம்'. இப்போது மூன்றாவதொன்றும் சேர்ந்துள்ளது: ஒட்சியேற்றத் தகைப்பு. ஆங்கிலத்தில் இதற்கும் 'ஸ்ட்ரெஸ்' என்றே பெயர் இருப்பதால், முதலாவதும் மூன்றாவதும் ஒன்றெனப் பலர் கருதுகின்றனர். இந்தக் குழப்பத்தின் மீது ஒரு மாத்திரை வணிகமே நடைபெறுகிறது.

இந்நோய் எமக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை லண்டனே எடுத்துக்காட்டியது. சவுத்தோலில் ஹியூ மாதரும் ஹரி கீனும் நடத்தி 1985 இல் வெளியிட்ட ஆய்வில், ஐரோப்பியரைவிட ஆசியரிடையே நீரிழிவு ஏறத்தாழ நான்கு மடங்காகக் காணப்பட்டது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பும், இன்சுலினுக்கு உடல் இணங்க மறுப்பதும் இதனோடு தொடர்புடையவை என 1991 இல் மக்கீகும் மார்மட்டும் காட்டினர். சவுத்தோல் ஆசியருட் பெரும்பாலானோர் பஞ்சாபியர். ஆயினும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் வாழும் தமிழருக்கு இது அந்நியமான கதையல்ல.

ஒட்சியேற்றத் தகைப்பு என்பது மனக்கவலை அன்று. கலத்தினுள் நிகழும் ஓர் இரசாயனச் சமநிலைக் குலைவு. கலத்தின் இழைமணிகள் குளுக்கோசை எரித்துச் சக்தி பெறுகையில் சில இலத்திரன்கள் கசிந்து ஒட்சிசனுடன் சேர, சுப்பரொட்சைட்டு உருவாகிறது. வழமையாக நொதியங்கள் இதை அகற்றிவிடும். ஆனால் இரத்தத்தில் சீனி மிகும்போது, குருதிக்குழாயின் உட்சுவர்க் கலங்களால் அதை உள்ளே விடாமல் தடுக்க இயலாது. எரிபொருள் மிக, கசிவும் மிகுகிறது. விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் சேதங்களுக்கு இக்கசிவே பொது ஊற்று என நியூயோர்க்கின் மைக்கல் பிரவுண்லீ 2001 இல் வாதிட்டார். இன்சுலினைச் சுரக்கும் சதையியின் பீற்றாக் கலங்களிலோ இந்தப் பாதுகாப்பு நொதியங்கள் சில மிகக் குறைவு. ஆக, சீனி சேதத்தை விளைவிக்க, சேதம் சீனியை மேலும் உயர்த்துகிறது.

அப்படியானால் ஒட்சியேற்ற எதிரி மாத்திரைகளை விழுங்கினாற் போதுமே எனத் தோன்றும். ஒக்ஸ்போர்டிலிருந்து நடத்தப்பட்ட இதயப் பாதுகாப்பு ஆய்வு, 20,536 பேரைக் கொண்டு இதைச் சோதித்தது. அவர்களுள் ஏறத்தாழ 6,000 பேர் நீரிழிவாளர். ஐந்தாண்டுகள் விற்றமின் ஈ, சி, பீற்றா கரோட்டின் கொடுத்தும் மாரடைப்போ மரணமோ குறையவில்லை என 2002 இல் அறிவிக்கப்பட்டது. 2009 இல் வெளியான ஜெர்மன் ஆய்வொன்று இன்னும் வியப்பானது: உடற்பயிற்சியால் இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மை கூடுவதை விற்றமின் சி, ஈ மாத்திரைகள் தடுத்தன. பயிற்சியின்போது தோன்றும் சிறிதளவு ஒட்சியேற்றம், உடலைத் தற்காப்புக்குத் தயார்ப்படுத்தும் சமிக்ஞையாகவும் இருக்கிறது என்பதே அவ்வாய்வாளர் தந்த விளக்கம்.

பலன் தந்தது வேறொன்று. 1998 இல் வெளியான ஐக்கிய இராச்சிய நீரிழிவு ஆய்வில், சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 வீதம் குறைந்தன. ஊற்றை அடைப்பதே பயன் தரும். கசிந்ததைத் துடைத்து மாளாது.

யோசினையும் சீனியை உயர்த்தவல்லது. அதை நான் மறுக்கவில்லை. எம்மிற் பலருக்கு இழப்பும் இரவு வேலையும் நேரந்தவறிய சாப்பாடும் நாளாந்த உண்மைகள். ஆனால் எல்லாவற்றையும் 'ஸ்ட்ரெஸ்' என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்து, வைத்தியர் தந்த மருந்தை ஒதுக்கி, கடையில் வாங்கிய போத்தலை நம்புவது விளக்கமாகாது. அது விதியை நொந்துகொள்வதன் புதிய வடிவமே.