வரைபடம் முதல் பட்டறை வரை – 7: உதிரிக் கோடுகள்

போன வாரம் ஆட்டோகேடின் டிரிம், ஆஃப்செட் கட்டளைகள் இரண்டையும் பார்த்தோம். இரண்டுமே வேலையைச் சட்டென்று முடித்துக் கொடுக்கும். போகிற போக்கில் துண்டும் துணுக்குமாகக் கோடுகளைச் சிந்திவிட்டும் போகும். 0.02 மி.மீ. நீளத் துணுக்கு, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இரண்டு கோடுகள், தொடக்கமும் முடிவும் ஒரே புள்ளியில் இருக்கிற கோடு. திரையில் பார்த்தால் டிராயிங் சுத்தமாகத்தான் தெரியும். பிரின்ட் எடுத்துப் பார்ப்பதோடு சரி என்றால் இவற்றை விட்டுவிடலாம்.

ஆனால் அந்த ஃபைல் லேசர் கட்டிங்குக்குப் போகிறது. அங்கே படிக்கப்படுவது கோடுகளின் பட்டியல். அங்கே அனுப்பும் டிஎக்ஸ்எஃப் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். ‘லைன்’ என்ற பெயருக்குக் கீழே, 10, 20 என்ற எண்களை அடுத்துத் தொடக்கப் புள்ளி. 11, 21 என்ற எண்களை அடுத்து முடிவுப் புள்ளி. பக்கத்துக் கோடு எது, எந்த மூலையில் எதோடு சேர்கிறது என்ற விவரம் அதில் கிடையாது. ஒரு கோடு 100.00-ல் முடிந்து அடுத்தது 100.02-ல் தொடங்கினால் நமக்கு அது மூலை, மென்பொருளுக்கு இடைவெளி. உருவம் மூடவில்லை என்றால் உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று அதற்குத் தெரியாது. லேசர் தின்னும் அகலத்தை எந்தப் பக்கம் ஒதுக்குவது என்றும் தெரியாது. இரட்டைக் கோடு இருந்தாலோ, கட்டிங் ஹெட் ஒரே தடத்தில் இரண்டு முறை ஓடும். முதல் ஓட்டத்திலேயே துண்டு வெட்டுப்பட்டுச் சாய்ந்து நின்றால், இரண்டாவது ஓட்டத்தில் ஹெட் அதில் மோதவும் கூடும்.

எந்தக் கோடு எதோடு சேர்கிறது என்பதைத் தானே நினைவில் வைத்திருந்த மென்பொருளும் உண்டு. 1963-ல் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் தன் முனைவர் பட்டத்துக்காக உருவாக்கிய ஸ்கெட்ச்பேடில், சேர்ந்த கோடுகள் ஒரே புள்ளியைப் பகிர்ந்துகொண்டன. புள்ளியை நகர்த்தினால் கோடுகளும் கூடவே வந்தன. 1982-ல் வந்த ஆட்டோகேடில் ஒவ்வொரு லைனுக்கும் முனைகள் தனித்தனி. மூலை சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது வரைபவர் பொறுப்பு.

துணுக்குகளை அழிக்க ஒரு பட்டன் போதும். அழிக்க வேண்டியதை மட்டும் பிடிப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. ஒரு தகட்டின் மூலையை எடுத்துக்கொள்வோம். மவுஸ் சக்கரத்தை உருட்டி நன்றாக நெருங்குங்கள். மூலையைச் சுற்றி இடமிருந்து வலமாக ஒரு பெட்டி இழுங்கள். நீலப் பெட்டி வரும். முழுசாக உள்ளே அடங்கியதை மட்டுமே அது பிடிக்கும். நீளமான விளிம்புகள் பெட்டியைத் தாண்டி ஓடுவதால் தப்பிவிடும். துணுக்குகள் மட்டும் மாட்டும். அதையே வலமிருந்து இடமாக இழுத்தால் பச்சைப் பெட்டி. தொட்டதையெல்லாம் பிடித்துவிடும், விளிம்பு உட்பட. துணுக்கை அழித்த கையோடு, ஆரம் 0 வைத்து ஃபில்லெட் கொடுங்கள். இரண்டு விளிம்புகளும் மூலையில் கச்சிதமாகச் சேரும். துணுக்குகள் ஏராளம் என்றால் குவிக் செலக்ட்டில் ‘லைன், நீளம் 0.5-க்குக் கீழ்’ என்று கேட்டு மொத்தமாகப் பிடிக்கலாம்.

இன்னொரு வகை, எங்கோ தூரத்தில் கிடக்கும் உதிரி. ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுத்ததும் டிராயிங் புள்ளியாகச் சுருங்கினால் இதுதான் காரணம். தேடி அலைய வேண்டாம். இரேஸ் கொடுத்து, ‘ஆல்’ என்று எல்லாவற்றையும் பிடித்து, ‘ரிமூவ்’ சொல்லி உங்கள் டிராயிங்கைச் சுற்றிப் பெட்டி போட்டு என்டர் தட்டுங்கள். ஒன்றை மறக்கக் கூடாது: ஆஃப் செய்த லேயரில் இருப்பதையும் ‘ஆல்’ பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாததால் பெட்டி அதை மீட்காது. பரிமாண அளவுகளை ஆஃப் செய்து வைத்திருந்தால் அத்தனையும் போய்விடும். முதலில் எல்லா லேயரையும் ஆன் செய்யுங்கள்.

இரட்டைக் கோடுகளுக்கு ஓவர்கில். முன்பு எக்ஸ்பிரஸ் டூல்ஸில் இருந்தது, 2012 பதிப்பில் ஆட்டோகேடுக்குள்ளேயே வந்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த கட்டளை, அதனாலேயே எச்சரிக்கிறேன். அதில் கேட்கும் டாலரன்ஸை 0.5 என்று தாராளமாகக் கொடுத்தால், 0.3 மி.மீ. இடைவெளியில் வேண்டுமென்றே வரைந்த இணைகோடுகளில் ஒன்றை நகல் என்று எண்ணி அழித்துவிடலாம். லேயர் வேறுபாட்டைப் புறக்கணிக்கும் பெட்டியையும் டிக் செய்ய வேண்டாம். வெட்டும் கோட்டின்மேல் வேறு லேயரில் மார்க்கிங் கோடு படிந்திருந்தால் அதுவும் காணாமல் போகலாம்.

எல்லாம் முடிந்ததும் ஜாயின் கொடுத்து வெளிவிளிம்பை ஒரே பாலிலைனாக்குங்கள். புராப்பர்ட்டீஸில் ‘குளோஸ்டு’ என்பதற்கு நேரே ‘யெஸ்’ வந்தால் ஃபைலை அனுப்பலாம்.

(தொடரும்)