கடலில் மறைந்த முன்னோரைத் தேடி

'கப்பலேறினார், பிறகு தகவல் இல்லை' என்ற அளவில் முன்னோர் ஒருவரின் வரலாறு முடிந்துபோகும் குடும்பங்கள் நம்மிடையே பல உள. கப்ரு இல்லை, ஆதலால் ஜியாரத்துக்கு இடமுமில்லை. எனினும், அவர் பெயர் எங்கோ ஓர் ஏட்டில் உறங்கிக் கொண்டிருக்கக்கூடும். திருவண்ணாமலை போன்ற உள்நாட்டு ஊரிலிருந்து அதனைத் தேடுவது எங்ஙனம்?

அவர் எதன்பொருட்டுக் கப்பலேறினார் என்பதே முதற்கேள்வி. ஒப்பந்தக் கூலியாகச் சென்றிருப்பின் நடால் கப்பற்பட்டியல்களைக் காண வேண்டும். சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' 1860 நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அடுத்து வந்த 'பெல்விடியர்' கப்பலிலோ காலரா பரவிப் பலர் வழியிலேயே மாண்டனர். 1911 வரை நடாலுக்குச் சென்ற இந்தியர் 1,52,184 பேர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னை வழியே சென்றவர்கள். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடல் அடையாளம் ஆகியவை அப்பட்டியல்களில் பதியப்பட்டுள்ளன.

இங்கே எச்சரிக்கைகள் இரண்டு. முதலாவது, மாவட்டம். 1906இல் வெளியான தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியில் திருவண்ணாமலை அம்மாவட்டத்துத் தாலுகாவாகவே இடம்பெறுகிறது; வட ஆர்க்காட்டுடன் இணைந்தது அதன் பின்னரே. தனி மாவட்டமானது 1989இல். எனவே, திருவண்ணாமலையாரைத் தென்னார்க்காட்டிலும், போளூர், வந்தவாசி வட்டாரத்தாரை வட ஆர்க்காட்டிலும் தேடுதல் வேண்டும். இரண்டாவது, பெயர். எழுத்தர் தம் செவியில் விழுந்தவாறே எழுதினர். ஷேக், செய்யது, முஹைதீன் போன்ற பெயர்கள் ஏட்டுக்கு ஏடு வேறுபடும். பெயர் ஒன்றையே நம்பாது, தந்தை பெயர், ஊர், வயது ஆகிய மூன்றும் ஒத்துவருகின்றனவா என்று நோக்குதல் நலம்.

கப்பல் தொழிலாளியாகச் சென்றவருக்கு வழி வேறு. முதல் உலகப்போரில் கடலையன்றி வேறு கல்லறையற்ற 2,000க்கும் மேற்பட்ட இந்தியக் கடலோடிகளின் நினைவுச்சின்னம் மும்பை மாலுமிகள் இல்லத்தில் உள்ளது. இரண்டாம் உலகப்போரில் மாண்ட 6,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் நூல் வடிவில் காக்கப்படுகின்றன. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இப்பெயர்களைக் கட்டணமின்றித் தேடலாம். அவர்களுள் பலர் சில்ஹெட், சிட்டகாங், கொங்கணம் ஆகிய பகுதிகளைச் சேர்ந்த முஸ்லிம்கள்.

இத்தேடல் வெறும் குலப்பெருமைக்கானதன்று. காணாமற்போனவரை ஃபிக்ஹ் 'மஃப்கூத்' என்கிறது. அவர் மௌத்து உறுதியாகாதவரை மனைவிக்கு இத்தா இல்லை. வாரிசுகளுக்குப் பங்கும் இல்லை. அவருடைய சமவயதினர் மறையும்வரை காத்திருக்கச் சொன்னது ஹனஃபீ மரபின் பழைய தீர்ப்பு. பெண்கள் பட்ட துயரைக் கண்ட மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ போன்ற ஆலிம்கள், நான்காண்டுக் காத்திருப்பைக் கூறும் மாலிகீ கருத்தை ஏற்றனர். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும் கணவனைப் பற்றி நான்காண்டுகள் தகவல் இல்லையெனில் மனைவி நீதிமன்றத்தை நாட வழிசெய்தது. கப்பலில் மரணம் முறையாகப் பதியப்பட்டு, அச்செய்தி ஊருக்கும் வந்து சேர்ந்திருப்பின் எத்தனையோ இல்லங்கள் இந்த இடர்ப்பாட்டிலிருந்து விடுபட்டிருக்கும்!

நீரில் மூழ்கியவரையும் வயிற்று நோயால் இறந்தவரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஷஹீத்களின் வரிசையில் வைத்துரைத்தார்கள். கப்பற்சாவுகள் பலவும் இவ்விரண்டனுள் அடங்குவன. கரை தொலைவாயின் குளிப்பாட்டிக் கஃபனிட்டு, ஜனாஸாத் தொழுது, உடலைக் கடலில் இறக்குவதற்கு மார்க்கம் இடமளித்துள்ளது. ஆதலால் கப்ரு இல்லாமை ஒருவருக்கு இழிவன்று. அவர் பெயரை மறத்தலே நம்முடைய குறை.

இல்லத்துப் பெரியோர் இருக்கும்போதே அவர்தம் நினைவிலுள்ள பெயர்களைக் கேட்டெழுதுங்கள். ஏடுகள் காத்திருக்கும், பெரியோரின் நினைவு காத்திராது.