மட்குண்ணிப் பூஞ்சைகளின் குலமும் தொழிலும்

எருக்குழியில் இட்ட வைக்கோலும் தழையும் சில திங்களில் கரிய எருவாகின்றன. மழைக்குப் பின் வைக்கோற்போரின் அடியில் காளான் குடை விரிக்கிறது. இறந்த பொருளை உண்டு வாழும் பூஞ்சைகளுக்கு இவ்விரண்டிலும் பங்குண்டு. அவற்றை மட்குண்ணிகள் என்பர்.

பூஞ்சை செடியன்று. 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் அதனைத் தாவரங்களோடு சேர்த்தார். ஆயினும் அதற்குப் பச்சையம் இல்லை. உணவை உடலுக்கு வெளியே கரைத்து உறிஞ்சுகிறது. அதன் செல்சுவரில் இறால் ஓட்டில் உள்ள கைட்டின் என்னும் பொருள் உள்ளது. 1969-ஆம் ஆண்டில் விட்டேக்கர் என்னும் அமெரிக்க அறிஞர் தம் ஐந்துலகப் பாகுபாட்டில் பூஞ்சைகளைத் தனி உலகமாக வகுத்தார்.

மட்குண்ணி என்பது தொழிலின் பெயர். குலத்தின் பெயர் அன்று. வித்துகள் உண்டாகும் முறையைக் கொண்டும், இக்காலத்தில் மரபணுவைக் கொண்டும் குலத்தை அறிகின்றனர். மட்குண்ணிகள் மிகுந்த மூன்று தொகுதிகள் வருமாறு:

1. மியூக்கர் தொகுதி: குண்டூசித் தலை போன்ற உறையில் வித்துகள் நிறைந்திருக்கும். ஈர ரொட்டியில் படரும் ரைசோபஸ் இத்தொகுதியது. எளிய சர்க்கரைகளை விரைந்து உண்ணும்.

2. ஆஸ்கோமைசீட்டுகள்: சிறு பையினுள் பெரும்பாலும் 8 வித்துகள் உண்டாகும். எருவை மட்கச் செய்யும் டிரைக்கோடெர்மாவும், நெல்லுக்குக் குலைநோய் தரும் பூஞ்சையும் இக்குலத்தவையே.

3. பசிடியோமைசீட்டுகள்: தடி போன்ற செல்லின் மேல் பெரும்பாலும் 4 வித்துகள் தோன்றும். வைக்கோற் காளானும் சிப்பிக் காளானும் இவற்றுள் அடங்கும். மரத்திற்கு வன்மை தரும் லிக்னினையும் சிப்பிக் காளான் சிதைக்கவல்லது. கோதுமைத் துருநோய்ப் பூஞ்சையும் இவற்றின் உறவே.

இப்பாகுபாட்டால் உழவர்க்கு யாது பயன் எனக் கேட்கலாம். மிளகாய், தக்காளி நாற்றங்கால்களில் நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம், தோற்றத்தில் பூஞ்சை போன்றது. ஆனால் மெய்யான பூஞ்சையன்று. அதன் செல்சுவரில் செல்லுலோசு மிகுதி. எனவே கார்பெண்டசிம் போன்ற மருந்து அதனை அடக்காது. அம்மருந்து அழிப்பதோ, பித்தியத்தைத் தாக்கி நமக்கு உதவும் டிரைக்கோடெர்மாவை! இரண்டையும் ஒருங்கே இடுவோர் பகையை விட்டு நட்பைக் கொல்கின்றனர்.

ஆகவே, டிரைக்கோடெர்மா விரிடியைக் கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் கலந்து விதைக்கலாம். நிலத்திலிட, எக்டருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மட்கிய தொழுவுரத்துடன் கலந்து தூவலாம். அதனுடன் கார்பெண்டசிம் சேர்த்தல் கூடாது. நாற்று அழுகினால், மருந்து வாங்குமுன் நோயின் இனத்தை வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறிதல் வேண்டும். ஊராட்சி உறுப்பினர்கள் இதனைக் கிராம சபையில் எடுத்துரைப்பின், உழவரின் பொருளும் மண்ணின் வளமும் ஒருங்கே காக்கப்படும்.