மணியம் தந்த முகங்கள்
(தொடர் – 7)

சென்ற கிழமை லண்டன் சஞ்சிகைகளின் தொடர்கதைப் படங்களோடு நின்றோம். 1860ல் ‘கார்ன்ஹில்’ சஞ்சிகையில் டிரோலப்பின் நாவலுக்கு மில்லே வரைந்தார். 1891ல் ‘கிராபிக்’ ஏட்டில் ஹார்டியின் ‘டெஸ்’ தொடருக்கு ஹெர்கோமரும் அவருடைய மாணவர்களும் வரைந்தார்கள். 1860களில் ஓவியர் போட்ட கோட்டை மரக்கட்டையில் செதுக்கியவர் வேறொருவர். பெரிய படமென்றால் கட்டையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆளுக்கொன்றாகச் செதுக்கி, பிறகு போல்ட் போட்டு இறுக்குவார்கள். வார இதழ்கள் கிழமை தவறாமல் வர வேண்டுமே! அந்த அவசரத்தில் ஓவியர் நினைத்த முகம் உளி பட்டு வேறு முகமாகிவிடுவதும் உண்டு.

ஓவியர் மணியத்துக்கு அந்தக் கஷ்டம் இருக்கவில்லை. ‘கல்கி’ இதழில் 1950 ஒக்டோபரில் தொடங்கி 1954 மே வரை கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ தொடர் ஓடியபோது, அவர் மையில் வரைந்ததைப் படம்பிடித்துத் துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுத்தார்கள். தூரிகை ஓடிய ஓட்டம் அப்படியே வாசகர் கைக்கு வந்தது.

பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில், பழைய கணக்கப்பிள்ளை ஒருவரின் வீட்டில், அந்தத் தொடரைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் பண்ணிய தொகுதியைப் பார்த்தேன். காலிகோ முதுகு நைந்துவிட்டது. வந்தியத்தேவனின் குதிரைக் கழுத்தில் பூச்சி துளை போட்டிருக்கிறது. நந்தினியின் சாய்ந்த கொண்டையும் அரைக்கண் பார்வையும் மட்டும் நேற்று அச்சடித்ததுபோல் கறுப்பு மங்காமல் இருக்கின்றன. “தாத்தா சத்தமா வாசிப்பாரு, நாங்க சுத்தி உக்காந்து படத்தப் பார்ப்போம். எழுத்துக் கூட்டத் தெரியாத வயசுலயே நந்தினிய எனக்குத் தெரியும் ஐயா” என்றார் அந்த வீட்டு அம்மா. லயத்தில் ஒருவர் வாசிக்கப் பத்துப்பேர் கேட்ட காலத்தில், படம்தான் மற்றவர்களின் எழுத்து.

இரண்டாம் பாகமான ‘சுழற்காற்றி’ன் பல அத்தியாயங்கள் நம் இலங்கையில் நடக்கின்றன. தம்புள்ளையும் அநுராதபுரமும் வருகின்றன. சிங்கள மன்னன் மகிந்தன் ஒளிந்திருக்கும் ரோகண நாடு, நம் வளவை கங்கை இறங்கிப் போகும் பக்கம். அந்த அத்தியாயங்களின் தாள்தான் இந்தத் தொகுதியில் அதிகம் கசங்கியிருக்கிறது.

1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியதும் இத்தகைய தொகுதிகளின் மதிப்பு ஏறியது. உள்ளூர் எழுத்துக்கு அந்தக் கட்டுப்பாடு நல்லதே செய்தது. வீரகேசரிப் பிரசுரங்கள் பெருகிய காலம் அதுதான். ஆனால் 1990களின் இறுதியில் கல்கியின் எழுத்து நாட்டுடைமையான பிறகு வந்த மலிவுப் பதிப்புகள் பலவற்றில் மணியத்தின் படங்கள் இல்லை. அது எனக்கு ஆறாத மனக்குறை. குந்தவைக்கும் பூங்குழலிக்கும் முகம் கொடுத்தவரை விட்டுவிட்டு அச்சிட்டால் அது பாதி நூல்தான். 2022ல் திரைப்படம் வந்தபோது பழைய வாசகர்கள் நடிகைகளை மணியத்தின் கோட்டோடுதானே ஒப்பிட்டுப் பார்த்தார்கள்!

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படியொரு தொகுதி கிடக்கலாம். நம் நாட்டு ஏடுகளில் வந்த படக்கதையோ தொடர்கதையோ கூட இருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் நிறுத்துப் போட்டுவிடாதீர்கள். ஈழத்து ஏடுகளை மின்னுருவாக்க நூலகம் நிறுவனம் இருக்கிறது, தமிழகத்து இதழ்களுக்குச் சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. கொடுக்க மனமில்லையென்றால் படப் பக்கங்களையாவது ஸ்கேன் எடுத்து வையுங்கள்.